பாதாம் சாப்பிடத் தொடங்குகிறீர்களா? படிப்படியாக ஒரு வழிகாட்டி

பாதாம் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எத்தனை சாப்பிட வேண்டும், ஊறவைக்க வேண்டுமா, தோலை உரிக்க வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். புதிதாகத் தொடங்குகிறவர் அங்கேயே குழம்பிவிடுகிறார். எதை முதலில் செய்ய வேண்டுமோ அதிலிருந்தே வரிசையாகச் சொல்கிறேன்.

தோலோடு இருக்கும், வறுக்காத, உப்புப் போடாத பாதாம் கொஞ்சம் வேண்டும். கூடவே ஒரு சின்னக் கிண்ணமும், இறுக்கமான மூடி போட்ட டப்பாவும். அவ்வளவுதான்.

படி 1: ஒன்றை உடைத்துப் பாருங்கள்

வாங்கி வந்ததும் ஒரு பாதாமைக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே முழுக்க வெள்ளையாகவோ லேசான தந்த நிறத்திலோ இருந்தால் நல்ல சரக்கு. மஞ்சள் பாரித்திருந்தாலோ, பழைய எண்ணெய் போல சிக்கு வாடை அடித்தாலோ வேண்டாம். பாதாமில் ஏறத்தாழ பாதி எடை கொழுப்புதான். காற்றும் வெப்பமும் பட்டால் அது கெட்டுப்போகும்.

எப்போதாவது ஒன்று கடும் கசப்பாக மாட்டும். அதைத் துப்பிவிடுங்கள். கசப்புப் பாதாமில் அமிக்டலின் என்ற பொருள் உண்டு. மெல்லும்போது அதிலிருந்து சயனைடு வெளிவரும். கசப்புப் பாதாம் என்றே தனியாக ஒரு வகை இருக்கிறது. அதைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. குழந்தைகளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலும் ஆபத்து.

படி 2: எண்ணி எடுங்கள்

பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கொறிக்காதீர்கள். கிண்ணத்தில் 23 பாதாம் எண்ணிப் போடுங்கள். அது சுமார் 28 கிராம், உள்ளங்கையில் ஒரு பிடி. இந்த ஒரு பிடியில் இருப்பவை: சுமார் 164 கலோரி, 6 கிராம் புரதம், 14 கிராம் கொழுப்பு, 3.5 கிராம் நார்ச்சத்து.

கொழுப்பு 14 கிராமா என்று பயப்பட வேண்டாம். அதில் 9 கிராம் ஒலிவ எண்ணெயில் இருப்பதைப் போன்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. குறைத்துக்கொள்ளச் சொல்லும் நிறைவுற்ற கொழுப்பு ஒரு கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவே.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வைட்டமின் இ. ஒரு பிடியில் சுமார் 7 மில்லிகிராம் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 15 மில்லிகிராம். ஆக, கிட்டத்தட்ட பாதி இந்தக் கிண்ணத்திலேயே வந்துவிடுகிறது. நம் செல்களைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு ஆக்சிஜனேற்றத்தால் சிதையாமல் காப்பது இந்த வைட்டமின்தான். தசைக்கும் நரம்புக்கும் வேண்டிய மெக்னீசியமும் சுமார் 76 மில்லிகிராம் இருக்கிறது. கால்சியமும் அதே அளவுதான், ஆனால் ஒரு நாளைக்கு நமக்கு 1000 மில்லிகிராம் தேவை. அதற்குப் பாதாமை மட்டும் நம்பக் கூடாது. வைட்டமின் பி12 இதில் இல்லவே இல்லை.

நார்ச்சத்து பழகாத வயிறு என்றால் முதல் வாரம் 8 அல்லது 10 போதும். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

படி 3: எதை நிறுத்தப் போகிறீர்கள்?

நிறையப் பேர் கோட்டை விடும் இடம் இது. வழக்கமாகச் சாப்பிடுவதை எல்லாம் சாப்பிட்டுவிட்டு, மேலே பாதாமையும் சேர்த்தால் எடை ஏறத்தான் செய்யும். மாலையில் தின்னும் பிஸ்கட்டையோ சிப்ஸையோ எடுத்துவிட்டு, அந்த நேரத்துக்குப் பாதாம் கிண்ணத்தை வையுங்கள். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் ஓரளவு குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பாதாம் இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதைப் பொறுத்துப் பலன் கூடும், குறையும்.

இன்னொரு நல்ல செய்தி. முழுப் பாதாமை எவ்வளவு மென்றாலும் அதன் செல் சுவர்கள் எல்லாம் உடைவதில்லை. உள்ளே சிக்கிய கொழுப்பில் ஒரு பங்கு செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. 2012-இல் அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தபோது, ஒரு பிடி முழுப் பாதாமிலிருந்து உடம்புக்கு உண்மையில் கிடைத்தது சுமார் 129 கலோரிதான். நைசாக அரைத்த விழுதுக்கு இந்தச் சலுகை கிடையாது.

படி 4: ஊறவைப்பதா, வறுப்பதா?

உங்கள் விருப்பம். ஊறவைத்தால் சத்து பல மடங்கு கூடிவிடும் என்பதை நம்ப வேண்டாம். ஆனால் பல் வலி உள்ளவர்களுக்கு ஊறிய பாதாம் பெரிய உதவி. இரவு தண்ணீரில் போட்டால் காலையில் பருத்து, தோல் சுருங்கித் தளர்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் வெள்ளைப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அப்படி உரித்துச் சாப்பிடுவதில் தப்பில்லை, ஆனால் நான் உரிப்பதில்லை. தோலில்தான் நார்ச்சத்தும், பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்களும் செறிந்திருக்கின்றன. ஊறியது மிச்சமானால் தண்ணீரை வடித்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள்.

வறுப்பதானால் எண்ணெய் வேண்டாம். அடி கனமான வாணலியில், சிறு தீயில், கைவிடாமல் கிளறுங்கள். பத்து நிமிடத்தில் மணம் வரும். ஒன்றை எடுத்து வெட்டுங்கள். நடுவில் வெளிர் பழுப்பு தெரிந்ததும் உடனே தட்டில் கொட்டிப் பரப்புங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். சூடாக இருக்கும்போது மெத்தென்று இருக்கும், ஆறியதும் மொறுமொறுப்பு தானாக வரும்.

படி 5: யார் கவனமாக இருக்க வேண்டும்?

நட்ஸ் அலர்ஜி உள்ளவர்கள் தொடவே கூடாது. வாய் அரிப்போ உதடு வீக்கமோ வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் பாதாமில் அதிகம் என்பதால், சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பாதாம் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம்.

படி 6: பத்திரப்படுத்துங்கள்

ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் டப்பாவில் போட்டு, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். மீதி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். மற்ற பொருட்களின் வாசனையைப் பாதாம் சட்டென்று இழுத்துக்கொள்ளும், அதனால் வெங்காயம், பூண்டு பக்கத்தில் வேண்டாம். வறுத்தது பச்சையைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்தால் போதும்.