வாய்க்கால் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடை உடைவது, வாய்க்காலில் புதர் மண்டுவது எல்லாம் பார்த்தாலே தெரியும். இங்கே பேசுவது, காகிதத்தில் கணக்குப் போடும்போதே நுழைந்துவிடும் தவறுகளைப் பற்றி. பாசனத் திட்டமிடலுக்குப் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்ப இவற்றில்தான் விழுகிறார்கள்.

ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணுவது

ஈரோடு பக்கத்துக் கீழ்பவானிப் பாசனத்தையே எடுத்துக்கொள்வோம். வாய்க்கால் சுமார் 200 கி.மீ., ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 2.07 லட்சம் ஏக்கர். ஒரு பாதிக்கு நன்செய், மறுபாதிக்குப் புன்செய் என முறை மாற்றித் தண்ணீர் விடுகிறார்கள். குறைவதைக் கிணறு ஈடுகட்டுகிறது. அந்தக் கிணறு ஊறுவதில் வாய்க்கால் கசிவுக்குப் பெரிய பங்கு உண்டு. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட முனைந்தபோது விவசாயிகளில் பலர் எதிர்த்து நின்றது அதனால்தான்.

ஓர் உதாரணக் கணக்கு. வாய்க்கால் தொடங்கும் தலைமதகில் விட்டது 100 பங்கு. வழியில் கசிவது 30, வயலுக்கு வருவது 70. கசிந்ததில் 20 கிணற்றில் திரும்பக் கிடைக்கிறது. ஆக, கையில் இருப்பது 90. திட்டத்திலோ வாய்க்கால் 100, கிணறு 20, மொத்தம் 120 என்று எழுதிவிடுகிறார்கள். இல்லாத 30 பங்குக்கும் நடவு நடக்கிறது, காய்வது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை.

கான்கிரீட் போட்டதும் இதே தவறு இன்னொரு முறை நடக்கும். கசிவு 5 ஆகக் குறைந்தால் வயலுக்கு 95 வரும், கிணற்றில் 3 தேறும். மொத்தம் 98. 25 பங்கு மிச்சம் என்று சொன்ன இடத்தில் உண்மையான லாபம் 8 தான். அந்த 25-ஐ நம்பிப் புது நிலம் சேர்ப்பது பெரிய அநியாயம்.

கணக்கைப் பிரிக்க வழி இருக்கிறது. கிணற்று விளிம்பில் ஒரு குறி போட்டு, தண்ணீர் திறப்பதற்கு முன், திறந்த மூன்றாம் வாரம், நிறுத்தும் நாள், நிறுத்தி ஒரு மாதம் கழித்து என நான்கு முறை நீர்மட்டம் அளக்க வேண்டும். மழையில்லாமல் ஏறிய மட்டம் வாய்க்கால் கணக்கைச் சேர்ந்தது.

மோட்டாரின் குதிரைத்திறனை நம்புவது

கிணறு எவ்வளவு தண்ணீர் தரும் என்று அறிய அதை நம்ப வேண்டாம். இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, 200 லிட்டர் டிரம் வைத்து அளங்கள். 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லிட்டர். ஓர் ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதற்கு ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும்.

உப்புக் கிணற்று நீரை எப்போதும் கலந்தே விடுவது

நல்ல தண்ணீரும் கெடும். நெல்லில் இளநாற்றுக்கும் பூக்கும் பருவத்துக்கும் வாய்க்கால் நீரை ஒதுக்குங்கள். தூர் கட்டும்போது, அதாவது பயிர் பக்கக் கிளை விடும்போது, கிணற்று நீரைக் கொடுக்கலாம்.

வாய்க்கால் திறந்தபின் நாற்று விடுவது

நாற்று வளரும் இருபத்தைந்து நாள் வீண். கிணற்று நீர் உப்பாக இல்லையென்றால், அதில் முன்கூட்டியே விடுங்கள்.