கார்டு செல்லும் ஆஸ்பத்திரியா, நம்பிக்கையான டாக்டரா: இரண்டையும் விடாமல் இருக்க வழி

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்டரில் வேலை பார்க்கிறேன். கவுன்டருக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "இந்தக் கார்டு இங்கே செல்லுமா?" என்பதைத்தான். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் தெரியும், பல வருஷமாகப் பார்த்து வந்த டாக்டரை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். "அவரு இருக்கிற ஆஸ்பத்திரியில கார்டு செல்லாதும்மா, அதான்" என்பார்கள். விசாரித்தால், அப்படி விட்டிருக்க வேண்டிய தேவையே பல பேருக்கு இருந்திருக்காது. தன் உடம்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதை ஒரு பட்டியல் முடிவு செய்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் பாலிசிகளில் நெட்வொர்க் என்பது இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்பந்தம் வைத்திருக்கும் மருத்துவமனைகளின் பட்டியல். அதில் டாக்டர் பெயர் இருக்காது. ஒரு சர்ஜன் காலையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்வார், சாயங்காலம் சொந்த கிளினிக்கில் உட்காருவார், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வேறொரு இடத்துக்கு விசிட்டிங் போவார். ஆகவே பட்டியலை வைத்துக்கொண்டு டாக்டரைத் தேடாதீர்கள். டாக்டரை முடிவு செய்துவிட்டு அவரிடமே கேளுங்கள்: "சார், நீங்க வேற எந்தெந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்றீங்க?" அவர் சொல்லும் பெயர்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருமங்கலத்திலிருந்து முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மனைவிக்கு ஆபரேஷன் செய்த அதே டாக்டர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அந்த டாக்டரின் சொந்த நர்சிங் ஹோம் பட்டியலில் இல்லை. ஆனால் அவர் எங்கள் மருத்துவமனைக்கும் வருகிறவர். டாக்டரும் மாறவில்லை, கேஷ்லெஸும் கிடைத்தது, அதாவது கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டியது. ஒரே ஒரு கேள்வி கேட்டதில் முடிந்த காரியம் அது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அட்மிட் ஆகும் வரை உங்களை எந்தப் பட்டியலும் கட்டுப்படுத்தாது. சாதாரண பாலிசி ஓபி செலவைத் தராது, உண்மைதான். ஆனால் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவை, அதே நோய்க்கானதாக இருந்தால், பெரும்பாலான பாலிசிகள் திருப்பித் தரும். சிலவற்றில் 60, 90 என்று இன்னும் கூடுதலாக இருக்கும். அந்த நாட்களில் பார்த்த டாக்டர் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆபரேஷன் என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேரின் சீட்டையும், ஃபீஸ் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

அட்மிஷனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

டாக்டரும் மருத்துவமனையும் முடிவானதும் கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வெப்சைட் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், அது பழையதாக இருக்கலாம். "இந்த மருத்துவமனையில், என் பாலிசி நம்பருக்கு, இந்த ஆபரேஷனுக்கு கேஷ்லெஸ் உண்டா?" என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவமனை நெட்வொர்க்கில் இருந்தும் குறிப்பிட்ட பாலிசிக்கு மட்டும் செல்லாமல் போவதுண்டு. பொதுத்துறைக் கம்பெனிகளான நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியன்டல் நான்கும், ஒரு சிகிச்சைக்கு மொத்தமாக இவ்வளவு என்று பேசி வைத்த பேக்கேஜ் கட்டணத்துக்குச் சம்மதித்த மருத்துவமனைகளைத் தனிப் பட்டியலாக வைத்திருக்கின்றன. கூடவே, அந்த மருத்துவமனை உங்கள் கம்பெனியின் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். நெட்வொர்க்கில் இல்லாதது வேறு, விலக்கப்பட்டது வேறு. விலக்கப்பட்ட இடத்தில் சேர்ந்தால், நீங்களே பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கும் ரீஇம்பர்ஸ்மென்ட்கூடக் கிடைக்காது. விபத்து, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், நிலைமை சீராகும் வரை ஆன செலவைத் தருவார்கள்.

முழங்கால் மாற்று, கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பாலிசி எடுத்து இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது பல பாலிசிகளில் உள்ள நிபந்தனை. அதையும் அதே போனில் கேட்டுவிடலாம்.

அப்புறம் ப்ரீ-ஆத் படிவம், அதாவது கேஷ்லெஸுக்குக் கம்பெனியிடம் முன் அனுமதி கேட்கும் படிவம். ஒரு பக்கத்தை நீங்கள் நிரப்புவீர்கள், இன்னொரு பக்கத்தை டாக்டர் நிரப்புவார். டாக்டர் பக்கத்தில் "இந்தத் தொந்தரவு எவ்வளவு காலமாக" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவசரத்தில் "பல வருஷமாக" என்று எழுதிவிடுவார்கள். முழங்கால் வலி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயோ என்று கம்பெனி சந்தேகப்பட்டு, பழைய சீட்டு எல்லாம் கொண்டு வா என்று குவெரி போடும். டாக்டர் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் இருங்கள். உண்மையில் எப்போது தொடங்கியதோ அதைச் சொல்லி, அப்படியே எழுதச் சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்க வேண்டாம். பரிசோதனையில் எப்படியும் தெரிந்துவிடும்.

இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாகப் பணம் கேட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். கவுன்டரில் உட்கார்ந்து காத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டு கணக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ரூம் வாடகை

பெரிய டாக்டரைத் தேடிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மூன்று லட்ச ரூபாய் பாலிசியில் ரூம் வாடகை வரம்பு 1 சதவீதம் என்று வையுங்கள், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் ரூமில் நான்கு நாள் தங்குகிறீர்கள். ரூம் 24,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் கட்டணம் சேர்த்து 80,000. மருந்தும், உடம்பில் பொருத்தும் இம்பிளான்ட்டும் 90,000. வாடகையில் கூடுதலான 12,000 மட்டும்தான் கையிலிருந்து போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எடுக்க வேண்டிய ரூமைப் போல இரண்டு மடங்கு எடுத்ததால், அந்த 80,000 ரூபாயிலும் பாதிதான் வரும். மொத்தம் 52,000 உங்கள் தலையில். மருந்து, இம்பிளான்ட், பரிசோதனைகளில் இந்த வெட்டு கூடாது, ஐசியு கட்டணத்திலும் கூடாது என்று விதி இருக்கிறது. ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாறாத மருத்துவமனை என்றால் டாக்டர் ஃபீஸிலும் வெட்டக் கூடாது. பில்லில் வெட்டியிருந்தால் விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆகவே டாக்டருக்காகத்தான் அங்கே போகிறீர்கள் என்றால், ரூமை விட்டுக்கொடுங்கள். இரண்டு பேர் தங்கும் ரூம் கேளுங்கள். அதே டாக்டர்தான் வந்து பார்க்கப் போகிறார்.

"டாக்டர் ஃபீஸ் தனியாகக் கொடுத்துவிடுங்கள், பில்லில் வராது" என்று சில இடங்களில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபீஸ் மருத்துவமனை பில்லிலேயே வர வேண்டும். அது முடியாது என்றால், நம்பர் போட்ட, கையெழுத்திட்ட ரசீதாவது வேண்டும். ரசீது இல்லாமல் கையில் கொடுத்த பணத்துக்கு எந்தக் கம்பெனியும் பதில் சொல்லாது. பேக்கேஜ் கட்டணத்துக்குச் சம்மதித்த மருத்துவமனை, அந்தப் பேக்கேஜுக்குள் வரும் செலவுக்கு மேலே கேட்டால், கம்பெனி சார்பில் க்ளெய்மைக் கவனிக்கும் டிபிஏ நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

டாக்டர் நெட்வொர்க்குக்கு வெளியே மட்டும்தான் இருக்கிறார் என்றால்

2024 ஜனவரியில் 'கேஷ்லெஸ் எவ்ரிவேர்' என்ற ஏற்பாடு வந்தது. நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். திட்டமிட்ட அட்மிஷன் என்றால் 48 மணி நேரம் முன்னதாகவும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும், அங்கேதான் பல நேரம் இழுக்கும். இழுத்தாலும் பயப்பட வேண்டாம். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் க்ளெய்ம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். கையில் பணம் புரட்ட முடிகிறவருக்கு டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில் மிகப் பெரிய சுதந்திரம் இதுதான். புரட்ட முடியாதவருக்கு அந்தச் சுதந்திரம் ஏட்டில்தான் இருக்கிறது. கவுன்டரில் நான் தினமும் பார்க்கும் வேதனை இது.

சிறிய நர்சிங் ஹோம் என்றால் சேருவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா, எத்தனை படுக்கை. பதிவு இல்லாத இடம் என்றால், 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, பெரிய நகரத்தில் 15 படுக்கை, இருபத்துநான்கு மணி நேரமும் டாக்டர், நர்ஸ், சொந்த தியேட்டர் என்று பாலிசி கேட்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது பதிவுச் சான்றிதழின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்துக் காட்டிய ஃபைனல் பில், பணம் கட்டிய ரசீது, டாக்டர் சீட்டோடு மருந்து பில்கள், ஸ்கேன் ரிப்போர்ட், இம்பிளான்ட் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இவை எல்லாம் ஒரிஜினலாக வேண்டும். ஸ்டிக்கரைத் தியேட்டரிலேயே கேட்டு வாங்காவிட்டால் பிறகு கிடைப்பது கஷ்டம். எல்லாவற்றையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள். பாலிசியில் கெடு தேதி இருக்கும், அதற்குள் அனுப்பிவிடுங்கள்.

உங்கள் டாக்டர் இருக்கும் மருத்துவமனை வேறு கம்பெனியின் பட்டியலில் இருந்தால், ரினியூவலுக்கு 45 நாள் முன்பே போர்ட் செய்ய, அதாவது பாலிசியை அந்தக் கம்பெனிக்கு மாற்ற, விண்ணப்பியுங்கள். பழைய பாலிசியில் கழித்த காத்திருப்புக் காலம், பழைய பாலிசியின் காப்பீட்டுத் தொகை வரைக்கும் கணக்கில் வரும். பணம் கட்டும் தேதிக்கு முந்தின நாள் யோசித்தால் நடக்காது.

க்ளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணிலும் பீமா பரோசா தளத்திலும் புகார் பதிவு செய்யலாம். ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். 50 லட்சம் ரூபாய் வரை அங்கே விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குத்தான் போக முடியும், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் செல்லும். ரீஇம்பர்ஸ்மென்ட் என்ற வாசல் அவர்களுக்கு இல்லை. எந்த மருத்துவமனை, எந்த சிகிச்சை என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்களும் ஓரளவு டாக்டரைத் தேர்ந்தெடுக்க முடியும். அங்கே ஒவ்வொரு துறையும் யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட ஓபி நாள் உண்டு. அன்றைக்கு யாரிடம் காட்டுகிறீர்களோ, அந்த யூனிட்டில்தான் பெரும்பாலும் சேர்ப்பார்கள். நீங்கள் பார்க்க நினைக்கும் டாக்டர் எந்த யூனிட், அதற்கு எந்த நாள் என்று ஓபி சீட்டுப் போடும் இடத்தில் கேட்டு, அந்த நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.