வலம் கழித்தல் இடம்: சமச்சீரின்மை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் உயிரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மரபணுக்களின் கட்டளையில்தான் வளர்கின்றன. ஆனாலும் வளர்ச்சியில் ஏற்படும் சிறு தடுமாற்றங்களால் இரண்டும் மயிரிழை அளவு வேறுபடும். எந்தப் பக்கம் பெரிதாகும் என்பதில் ஒழுங்கு இருக்காது. வலம் கழித்தல் இடம் என்ற வித்தியாசங்களை வரைபடமாக்கினால், சுழியை நடுவாகக் கொண்ட மணி வடிவம் கிடைக்கும். இதுதான் அலைவுறு சமச்சீரின்மை. மாசு, வெப்பம், பட்டினி போன்ற நெருக்கடிகள் இதைக் கூட்டலாம் என்ற எண்ணத்தில் பலரும் அளக்கிறார்கள். கருவிச் செலவும் குறைவு. மாணவர் புராஜெக்டுக்கு இந்தத் தலைப்பு கவர்ச்சியாகத் தெரிவதற்கும், அதே வேகத்தில் கெட்டுப்போவதற்கும் அந்த எளிமைதான் காரணம்.

முதல் தவறு அளப்பதற்கு முன்பே நடக்கிறது. 1962-இல் அமெரிக்க உயிரியலாளர் லீ வான் வேலன் சமச்சீரின்மையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். காசிமேட்டு மீன் கூடைகளைப் பார்த்தால் அவற்றில் இரண்டு கண்ணெதிரே கிடக்கும். நாக்கு மீனுக்கு இரு கண்களும் இடப்பக்கத்தில்தான். இது திசைசார் சமச்சீரின்மை. எருமை நாக்கு மீனிலோ சிலவற்றுக்குக் கண்கள் இடத்தில், சிலவற்றுக்கு வலத்தில். அடையாறு முகத்துவாரச் சேற்றில் ஒற்றைக் கொடுக்கு பெருத்துத் திரியும் ஆண் ஃபிட்லர் நண்டும் பெரும்பாலான இனங்களில் இப்படித்தான். இது எதிர்ச்சமச்சீர். இந்த இரண்டும் வளர்ச்சியின் தடுமாற்றம் அல்ல, இயல்பான வடிவம். அதனால் நண்டின் கொடுக்கு வித்தியாசத்தை அளந்து 'நெருக்கடி அதிகம்' என்று எழுதினால் முழு ஆய்வும் வீண்.

இலைகளில் இந்தப் பொறி கண்ணுக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரு கிடைக்கிறதே என்று வேப்பிலையை எடுப்பார்கள். வேப்பஞ்சிற்றிலை இயல்பிலேயே அரிவாள்போல் வளைந்தது, அடிப்பகுதி ஒருபக்கம் சாய்ந்தது. காம்பின் இரு புறத்துச் சிற்றிலைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் எதிர்த்திசையில் வளையும். இரு புறத்தையும் கலந்து அளந்தால் வரைபடத்தில் நடு பள்ளமாகி, இரண்டு மேடுகள் எழலாம். புங்கன் இதைவிட நல்ல தேர்வு. அதிலும் நுனிச் சிற்றிலையை மட்டும் எடுங்கள். எல்லா இலையும் ஒரே உயரத்தில், ஒரே அளவு வெயில் படும் கிளையிலிருந்து வரட்டும்.

இலையை மடித்து அளக்கவும் கூடாது. பறித்த அன்றே, வாடுவதற்குள், 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஒரு புள்ளி சுமார் 0.042 மி.மீ. நடுநரம்பின் நீளத்தில் சரிபாதியைக் குறித்து, அங்கிருந்து செங்குத்தாக இரு ஓரங்களுக்கும் உள்ள தூரத்தை இமேஜ்ஜே மென்பொருளில் அளக்கலாம். எல்லா இலையும் மேற்பரப்பு கண்ணாடியைத் தொடும்படி இருக்க வேண்டும். சிலவற்றைக் கவிழ்த்தும் சிலவற்றை நிமிர்த்தியும் வைத்தால் இடமும் வலமும் மாறி, உண்மையில் இருந்த திசைசார் வித்தியாசம் அலைவுறு வித்தியாசம்போல் வேஷம் போடும்.

இனி வருவதுதான் பெரும்பாலான ஆய்வுகள் விழும் இடம்: அளவீட்டுப் பிழை. தேடும் வித்தியாசம் பெரும்பாலும் உறுப்பின் அளவில் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதே அளவுக்கு நம் கையும் தவறும். ஒரு கணக்கு: வலம் கழித்தல் இடத்தின் உண்மையான திட்ட விலக்கம் 0.3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், அதன் வர்க்கமான மாறுபாடு 0.09. ஒரு தடவை அளப்பதில் பிழையின் திட்ட விலக்கம் 0.2 மி.மீ. என்றால் மாறுபாடு 0.04, இரு பக்கமும் சேர்ந்து வித்தியாசத்தில் 0.08 புகுந்துவிடும். கிடைக்கும் 0.17-இல் ஏறக்குறைய பாதி வெறும் பிழை! இரு தடவை அளந்து சராசரி எடுத்தால் பிழை 0.04-ஆகக் குறையும்.

ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் குறைந்தது இரு தடவை அளக்க வேண்டும். இரண்டாவது அளவீடு வேறொரு நாளில், முதல் எண்ணைப் பார்க்காமல், மாதிரி எந்தப் பகுதியில் எடுத்தது என்று தெரியாமல் நடக்க வேண்டும். ஒரே மூச்சில் இருமுறை காலிப்பரை வைத்து எழுதுவது மறுஅளவீடே அல்ல. இடப்பக்கத்தையெல்லாம் முடித்துவிட்டு வலப்பக்கத்துக்குப் போவதும் தவறு. கை பழகப் பழக அளவு மாறும், இல்லாத திசைசார் வித்தியாசம் தோன்றும்.

பிறகு அனோவா, அதாவது மொத்த மாறுபாட்டை அதன் காரணங்களாகப் பிரிக்கும் கணக்கு. எக்செலில் இருகாரணி அனோவாவை ஓட்டினால் அது எல்லா எஃப் மதிப்பையும் (இரு சராசரி வர்க்கங்களின் விகிதம்) பிழையால் வகுத்தே தரும். பக்கம், உயிர் இரண்டின் ஊடாட்டத்தை, அதாவது பக்க வித்தியாசம் உயிருக்கு உயிர் மாறும் அளவை, பிழையால் வகுப்பது சரி. அது அலைவுறு வித்தியாசம் பிழையைவிடப் பெரிதா என்று சொல்லும். ஆனால் பக்கத்தின் சராசரி வர்க்கத்தை (அட்டவணையில் MS) ஊடாட்டத்தால் வகுத்தால்தான் திசைசார் வித்தியாசம் உண்டா என்று தெரியும். இதைக் கையால் போட வேண்டும். இரு தடவை அளந்திருந்தால், ஊடாட்டத்தின் சராசரி வர்க்கத்திலிருந்து பிழையினுடையதைக் கழித்தாலே பிழை நீங்கிய மாறுபாடு கிடைத்துவிடும். திசைசார் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் சராசரியைக் கழித்துச் சமாளிப்பதைவிட வேறு உறுப்புக்கு மாறுவது மேல்.

பெரிய இலையில் பெரிய வித்தியாசம் வருவது சகஜம். அப்படி ஒரு தொடர்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மட்டும் இரு பக்க அளவுகளுக்கும் மடக்கை (லாக்) எடுத்துக் கழியுங்கள். உடைந்த துடுப்பு முள், மீண்டும் முளைத்த நண்டுக்கால் ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள்.

எண்ணிக்கை விஷயத்தில் கஞ்சத்தனம் உதவாது. இரு இடங்களிலும் 30 மாதிரிகள் என்றால், ஒரு மாறுபாடு மற்றதைப்போல் சுமார் 2.1 மடங்கு இருந்தால்தான் வித்தியாசம் நிரூபணமாகும். நூறு நூறு எடுத்தால் 1.5 மடங்கு போதும். ஒரே மரத்தில் நூறு இலை பறித்தால் அது நூறு மாதிரி ஆகாது. மரம்தான் மாதிரி, இலைகள் அதன் பிரதிகள். அண்ணா சாலையில் ஒரு மரமும் கிண்டி தேசியப் பூங்காவில் ஒரு மரமும் ஒப்பிட்டுப் புகையின் விளைவு என்று எழுதவே முடியாது. நிழல், மண், கவாத்து, மரத்தின் வயது எல்லாமே வேறு. சாலையோரத்தில் பல இடங்கள், பூங்காக்களில் பல இடங்கள், ஒவ்வொன்றிலும் பல மரங்கள் வேண்டும்.

முடிவுகளில் வெறும் வித்தியாசத்தின் அளவை மட்டும் கொடுக்காமல், கூட்டல் கழித்தல் குறியோடு சிதறல் வரைபடத்தையும், மறுஅளவீட்டுப் பிழையையும், விட்டுவிட்ட மாதிரிகளின் எண்ணிக்கையையும் சேருங்கள். ஐந்து உறுப்புகளை அளந்து ஒன்றில்தான் வேறுபாடு வந்ததென்றால் ஐந்தையும் எழுதுங்கள்.