ஸ்னோ வாரத்தில் கொழும்புக்காரர் செய்யும் தவறுகள்: கனடா ஏரிக்கரைக்குப் போகுமுன் தெரிய வேண்டியவை

கொழும்பில் வளர்ந்தவருக்கு வானத்தைப் பார்த்ததும் மனதில் ஒரு கணக்கு ஓடும். மேகம் கறுத்தால் குளிர்மை, வெயில் எறித்தால் வேர்வை. ஜனவரியில் ரொறன்ரோவுக்கு மகளிடமோ தம்பியிடமோ போய் இறங்குகிறவர்களும் இதே கணக்கோடுதான் இறங்குகிறார்கள். அங்கே அது தலைகீழ். ஸ்னோ கொட்டும் நாள் பெரும்பாலும் அவ்வளவு கடுங்குளிராக இருக்காது. மேகமூட்டம் நிலத்துச் சூட்டை மேலே போகவிடாமல் தடுத்து வைத்திருக்கும். ஸ்னோ நின்று வானம் தெளிந்த பிறகு வரும் இரவில்தான் வெப்பநிலை மளமளவென்று இறங்கும். மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே பளீரென்ற வெயில், வெள்ளை வெளேரென்ற முற்றம், வெப்பமானியில் மைனஸ் 18. "நல்ல வெயில், ஒரு சுற்று நடந்திட்டு வாறன்" என்று ஸ்வெட்டரோடு கிளம்பும் மாமாக்கள் பத்து நிமிடத்தில் காது மரத்துத் திரும்பி வருவது அப்படித்தான்.

ஸ்னோ வாரத்தில் ஸ்னோ விழும் நாளுக்கு எல்லோரும் பயப்படுகிறோம், ஆயத்தமாக இருக்கிறோம், வீட்டிலேயே அடங்கிக் கிடக்கிறோம். அடி படுவது அதற்குப் பிறகு வரும் நாட்களில். கீழே சொல்லும் தவறுகளில் பல அந்த நாட்களில் நடப்பவைதான்.

பெட்டி கட்டும்போதே தொடங்கும் தவறுகள்

"நுவரெலியாக் குளிரைப் பார்த்த ஆள்தானே" என்பது முதலாவது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் துகள் உறைபனி விழுவது உண்மை. ஆனால் வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும், மத்தியானத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். ரொறன்ரோவில் ஜனவரி மாதத்தின் சராசரியே பூச்சியத்துக்குக் கீழேதான், பகல் முழுக்க ஏறாமலே கிடக்கும் நாட்கள் உண்டு. நுவரெலியாவுக்கென்று புறக்கோட்டையில் வாங்கிய ஜக்கெட் அங்கே வீட்டுக்குள் போட்டுக்கொள்ள உதவும்.

அதற்காகக் கொழும்பிலேயே பெருந்தொகை கொடுத்துத் தடித்த கோட் தேட வேண்டியதில்லை. அங்கே உள்ள நம்மவர் வீடுகளில் பேஸ்மன்றைத் திறந்தால் யாராவது போட்டு விட்ட இரண்டு மூன்று கோட்டாவது இருக்கும். அதில் ஒன்றை விமான நிலையத்துக்குக் கொண்டுவரச் சொன்னால் போதும். இங்கிருந்து கொண்டுபோக வேண்டியவை உள்ளே போடுபவை. அதையும் பருத்தியில் எடுக்காதீர்கள். நம் நாட்டு வெக்கைக்கு அருமையான துணி பருத்தி, ஆனால் வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். தோலோடு ஒட்டிப் போடுவது பொலியெஸ்டர் தேர்மலாகவோ கம்பளியாகவோ இருக்க வேண்டும், அதன் மேலே சூட்டைப் பிடிக்கும் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத கோட். கல்யாண வீடென்றால் சேலைக்குள்ளேயும் தேர்மல் போடலாம். அங்கே உள்ள அக்காமார் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், வெளியே தெரியாது.

சப்பாத்தில் ஒரு விஷயம். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி சொக்ஸ் போட்டால் கால் இன்னும் குளிரும். விரல்களுக்கு இரத்தம் ஓட இடமில்லாமல் போய்விடும். பூட்ஸ் வாங்கும்போது தடித்த சொக்ஸோடு போட்டுப் பார்த்து, விரலை அசைக்க முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம், எந்த வீட்டுக்கும் கோயிலுக்கும் போனாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றியதும் சொக்ஸோடு அப்படியே கால் வைக்காதீர்கள். எல்லோருடைய பூட்ஸிலிருந்தும் கரைந்த ஸ்னோத் தண்ணீர் அங்கேதான் தேங்கி நிற்கும். நனைந்த சொக்ஸோடு திரும்பி வெளியே போவது எவ்வளவு தொல்லை என்று போனவர்களைக் கேட்டால் தெரியும்.

வெப்பநிலையை மட்டும் பார்ப்பது

போனில் வானிலை பார்க்கும்போது இரண்டு எண்கள் வரும். ஒன்று வெப்பநிலை, மற்றது காற்றையும் சேர்த்துத் தோலுக்கு எப்படி உறைக்கும் என்பது. வெளியே போகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாவது. மைனஸ் 10இல் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20. இந்தக் காற்றுக் கணக்கு மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. பஸ் பிந்தினால் தரிப்பிடத்தில் நிற்கும் நேரம் அவ்வளவுதானே.

ஏரிக்கரைக்குப் போய்ப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. கரையில் மரமும் இல்லை, மதிலும் இல்லை, தண்ணீர் மேலாக வரும் காற்றைத் தடுக்க ஒன்றுமே இல்லை. வீட்டு வாசலில் தாங்கக்கூடியதாக இருந்த குளிர் அங்கே தாங்காது. போன் பற்றறியும் குளிரில் பொசுக்கென்று இறங்கிவிடும், ஆகவே அதை உள் பொக்கற்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஸ்காபரோவில் ஒன்றுமில்லையாம்" என்று நம்பிக் கிளம்புவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏரி ஸ்னோ எப்படி உண்டாகிறது என்று தெரியாவிட்டால் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கும்.

கோடையில் சூடேறிய ஏரித் தண்ணீர் சீக்கிரத்தில் ஆறாது. டிசம்பரிலும் அது மேலே உள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். வடக்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று அதன் மேலே வரும்போது அடியிலிருந்து சூட்டையும் ஈரத்தையும் வாங்கி மேலெழும்பி, மேகமாகி, மறுகரையில் ஸ்னோவாகக் கொட்டிவிடும். தண்ணீருக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் மேலே உள்ள காற்றுக்கும் 13 பாகை வித்தியாசம் இருந்தால் வேலை நடக்கும் என்பது வானிலைக்காரர் கணக்கு. இந்த மேகங்கள் நீண்ட ஒடுக்கமான பட்டைகளாக நிற்கும். வெள்ளவத்தையில் மழை கொட்ட பொரளையில் வெயில் எறிப்பதை நாம் பார்த்திருக்கிறோமே, அதுபோலத்தான். வித்தியாசம் என்னவென்றால் நம் மழை ஒரு மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும், அங்கே காற்றின் திசை மாறாதவரை ஒரே ஊரின் தலையிலேயே நாள்கணக்கில் கொட்டும். 2014 நவம்பரில், ஈரி ஏரியின் அமெரிக்கக் கரையில் உள்ள பஃபலோ நகரத்தின் தெற்குப் புறநகர்களில் ஒன்றரை மீற்றருக்கு மேல் குவிந்தது, அதே நகரத்தின் வடக்குப் பக்கத்தில் சில சென்ரிமீற்றர்தான்.

ரொறன்ரோவுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். ஒன்ராறியோ ஏரி நகரத்துக்குத் தெற்கேயும் கிழக்கேயும் கிடக்கிறது. வடமேற்குக் காற்று அதன் ஈரத்தை எதிர்க்கரையான அமெரிக்கப் பக்கத்துக்குத்தான் தள்ளும். ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள பாரி நகரத்துக்கோ ஜோர்ஜியன் குடாவின் ஈரம் வந்து சேரும். அந்த நாட்டில் உள்ள லண்டன் நகரத்துக்கு ஹூரான் ஏரி, நயாகராவின் தெற்குப் பக்கத்துக்கு ஈரி ஏரி. ஆக, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பாவிடம் "எப்படி காலநிலை?" என்று கேட்டுவிட்டு நயாகராவுக்கோ பாரிக்கோ காரில் கிளம்பினால் பாதி வழியில், சற்று முன்வரை வெயில் எறித்த நெடுஞ்சாலையில், முன்னால் போகும் காரே தெரியாத வெள்ளைக்குள் புகுந்துவிடலாம். போகும் ஊருக்கு "ஸ்னோ ஸ்குவால்" (திடீரென்று கண்மறைக்கக் கொட்டும் ஸ்னோ) எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நயாகரா நீர்வீழ்ச்சி அடுத்த கிழமையும் விழும்.

இன்னொன்று: எல்லா ஏரியும் ஒரே மாதிரி இல்லை. ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீற்றர்தான், குளிர் கூடிய வருடங்களில் அதன் பெரும்பகுதி உறைந்துவிடும், உறைந்ததும் ஸ்னோவுக்கு ஈரம் கொடுப்பது குறையும். ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், முழுதாக உறைவது அபூர்வம். அதனால் "பெப்ரவரியில் ஸ்னோ முடிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் எந்தக் கரை என்று கேட்க வேண்டும்.

வழியில் கார் மாட்டிக்கொண்டால் இறங்கி நடப்பதுதான் மிகப் பெரிய தவறு. 2022 டிசம்பரில் பஃபலோ பக்கம் அடித்த பனிப்புயலில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் தெருவில் கிடந்தவர்களும் இருந்தார்கள், காருக்குள் இருந்தவர்களும் இருந்தார்கள். காருக்குள்ளேயே இருங்கள், ஆனால் இஞ்சினை ஓடவிட்டபடி தூங்காதீர்கள். புகைக்குழாயை ஸ்னோ மூடினால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடமளவில் மட்டும் இஞ்சினைப் போட்டு, அதற்கு முன் குழாய் வாயைத் துப்புரவாக்கி, ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

அப்பா கையில் எடுக்கும் சவள்

மகள் வேலைக்கு, மருமகன் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. வீட்டில் சும்மா இருக்கிறோமே என்ற கூச்சத்தில் அறுபத்தைந்து வயது அப்பா சவளை எடுத்துக்கொண்டு முற்றத்து ஸ்னோவைத் தள்ளப் போவார். நம் அப்பாமாருக்கே உரிய குணம் இது, சொன்னாலும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மாரடைப்புக்குக் காரணமாகும் வேலைகளில் இதுவும் ஒன்று. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறும், கைகளால் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதால் அது இன்னும் ஏறும், இதயத்துக்கு வேலை இரட்டிப்பாகும். பார்வைக்குப் பஞ்சாகத் தெரிந்தாலும் ஈர ஸ்னோ பாரம். இதயக் கோளாறோ பிரஷரோ உள்ளவர் சவளைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள் தூக்கி எறியாமல் ஓரமாகத் தள்ளட்டும், இடையிடையே நிற்கட்டும்.

இதோடு சேர்ந்ததுதான் காப்புறுதி. விசிற்றர் விசாவில் போகிறவருக்கு ஒன்ராறியோ மாகாணத்தின் இலவச வைத்தியம் கிடையாது. பிள்ளைகளிடம் நீண்டகாலம் தங்கப் பெற்றோருக்குக் கொடுக்கும் சுப்பர் விசாவுக்குக் குறைந்தது 100,000 டொலருக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம் என்பதால் அதில் போகிறவர்கள் எடுத்துவிடுகிறார்கள். சாதாரண விசிற்றர் விசாக்காரர்தான் "ஒரு மாதம்தானே" என்று விட்டுவிடுகிறார். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்தப் பில் பிள்ளைகளின் தலையில்.

விழுவதும் ஸ்னோவில் இல்லை. வாரக் கடைசியில் ஒரு பகல் பூச்சியத்துக்கு மேலே ஏறி எல்லாம் கரையும், "அப்பாடா" என்றிருக்கும். இரவு அந்தத் தண்ணீர் கண்ணாடித் தகடாக உறைந்து, தாரின் நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். உப்புத் தூவியிருக்கிறார்களே என்று நம்ப வேண்டாம், மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. சின்ன அடிகளாக, பாதம் முழுக்கத் தரையில் பதிய நடக்க வேண்டும். கையை பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு நடந்தால் விழும்போது பிடிக்கக் கை இருக்காது.

மரத்துப்போன விரலில் சித்தாலேப

விரல் மரத்துப்போனதும் நம் கை தானாகச் சித்தாலேபத் தைல டப்பாவுக்குப் போகும். தேய்க்கவே கூடாது. உறைந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே சதை சேதமாகும். ஹீற்றருக்குப் பக்கத்தில் காட்டுவதும் கொதிநீரில் வைப்பதும் ஆபத்து, மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. வீட்டுக்குள் வந்து ஈரமானதைக் கழற்றிவிட்டு, உடம்புச் சூட்டளவு வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். நிறமும் உணர்வும் திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரி. நம் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, ஆகவே நிறத்தை நம்பாமல் மரப்பை நம்புங்கள். நீரிழிவு முற்றியவர்களுக்குக் காலில் மரப்பே தெரியாமல் இருக்கலாம் என்பதால் அவர்கள் உள்ளே வந்ததும் விரல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலினைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. சாராயம் உடம்பைச் சூடாக்கும் என்பது வெறும் உணர்வுதான், தோலுக்கு இரத்தம் பாய்வதால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போகும்.

வீட்டுக்குள்ளே ஒரு தவறு மட்டும் சொல்கிறேன். மிளகாய் தாளிக்கும்போது அலாரம் கத்துகிறது என்று சிலர் பற்றறியைக் கழற்றிவிடுவார்கள். எரிவாயு ஹீற்றர் உள்ள ஒன்ராறியோ வீடுகளில் கார்பன் மொனொக்சைட் அலாரம் சட்டப்படி கட்டாயம், பல வீடுகளில் புகை அலாரமும் அதுவும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஹீற்றரின் குழாய் வெளிச்சுவரில் தாழ்வாக நிற்பதால் ஸ்னோ குவிந்து மூடக்கூடிய வாரத்தில் அந்த அலாரம்தான் காவல். ஜன்னலைத் திறந்து தாளியுங்கள், இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போடுங்கள். ஹீற்றரால் காற்று காய்ந்து மூக்கில் இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் குடியுங்கள், மூக்கு ஓரத்தில் வாஸ்லின் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் அங்கே போத்தலுக்குள் கட்டியாகிவிடும், கழுத்து அகலமான போத்தலில் கொண்டுபோனால் தோண்டி எடுக்கலாம்.

கடைசியாக, ஏரி மேல் நடப்பது. ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நாமும் இறங்கலாம் என்று தோன்றும். ஒருவர் நடக்கக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும் என்பது கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் அளவு, மீன் பிடிக்கிறவர்கள் துளையிட்டு அளந்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். ஆறு வந்து சேரும் இடத்தில் மெல்லிசாக இருக்கும், மேலே ஸ்னோ மூடியிருந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் அலையடித்து உறைந்து மேடாக நிற்கும் பனித்திட்டுகள் இன்னும் மோசம், அடியில் வெற்றிடமும் தண்ணீரும் இருக்கும். பேரப்பிள்ளை இழுத்தாலும் அதன் மேல் ஏற வேண்டாம், படத்தைக் கரையில் நின்றே எடுங்கள்.