சமூகச் சிம்பொனி இசைக்குழுவைப் பற்றி எழுதவும் படமெடுக்கவும் போகிறவருக்கு

பெரும்பாலும் இந்தப் பணி ஒரே வரியில்தான் வந்து சேரும்: சனிக்கிழமை மாலை கச்சேரி, எண்ணூறு சொற்கள், ஆறு படங்கள். அந்த வரியை அப்படியே ஏற்றுக்கொண்டு சனிக்கிழமை மாலை நேராக அரங்குக்குப் போய் நிற்பதுதான் முதல் தவறு. கச்சேரி நேரத்தில் எல்லோரும் கறுப்பு உடையில் இருப்பார்கள், பாதி முகங்கள் இசைத்தாள் ஸ்டாண்டுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும், உங்களுக்கோ பின்வரிசைச் சுவரோரம் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து நகரவும் முடியாது, யாரிடமும் பேசவும் முடியாது. எழுதத்தக்கவை எல்லாம் அதற்கு முந்தைய வாரங்களில், ஒத்திகைகளில் நடந்து முடிந்திருக்கும். ஆகவே பணியை ஏற்கும்போதே இரண்டு ஒத்திகைகளுக்காவது வர அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அவற்றில் ஒன்று கச்சேரிக்குச் சற்று முன்பாக, அதே மேடையில், அதே விளக்குகளின் கீழ் நடக்கும் இறுதி ஒத்திகையாக இருக்கட்டும்.

சமூக இசைக்குழு என்பது தொழில்முறைக் குழுவின் சிறிய பிரதி அன்று. இதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள். வாசிப்பதற்கு அவர்கள் ஊதியம் பெறுவதில்லை, சில குழுக்களில் சந்தாவும் கட்டுகிறார்கள். இசை நடத்துநருக்கும், சில இடங்களில் வாத்தியப் பிரிவுகளின் தலைவர்களுக்கும் மட்டும் சம்பளம் உண்டு. வாரத்துக்கு ஒரு மாலை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒத்திகை, ஆண்டுக்குச் சில கச்சேரிகள் என்பதே பெரும்பாலான குழுக்களின் ஒழுங்கு. ஹார்ப், பசூன் போன்ற வாத்தியங்களுக்கு ஆள் கிடைக்காதபோது வெளியிலிருந்து அழைப்பார்கள். அரங்க வாடகை எங்கிருந்து வருகிறது, இசைத்தாள்களை யார் சேகரிக்கிறார், யார் பகிர்கிறார் என்று பொருளாளரிடமும் நூலகரிடமும் கேளுங்கள்; மேடையில் பெயர் ஒலிக்காத இந்த இருவரிடமிருந்துதான் நல்ல தகவல்கள் கிடைக்கும். பதிப்புரிமைக் காலம் முடிந்த படைப்புகளின் தாள்களை வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதிய படைப்புகளுக்குப் பதிப்பாளரிடம் வாடகைக்கு எடுத்து, பென்சில் குறிப்புகளை அழித்துத் திருப்பித் தர வேண்டியிருக்கும். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் பேனா இல்லாமல் பென்சில் மட்டும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து வீட்டுப்பாடம். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வாங்கி, ஒவ்வொரு படைப்பையும் இரண்டு முறையாவது கேளுங்கள். முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எந்த நிமிடத்தில் எந்த வாத்தியம் முன்னால் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இசை ரசனை தனிப் பயன். இந்தத் தாள் உங்கள் படப்பிடிப்புத் திட்டம். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் ட்ராம்போன் வாசிப்பவர்கள் முதல் மூன்று பகுதிகளிலும் கைகட்டி உட்கார்ந்திருந்து, நான்காம் பகுதியில்தான் வாத்தியத்தைத் தூக்குகிறார்கள். மூன்றாம் பகுதி நிற்காமலே நான்காம் பகுதிக்குள் பாய்ந்துவிடுவதால், இடைவெளியில் இடம் மாறிக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் படக்காரர் அங்கே ஏமாந்துபோவார். 1893-இல் நியூயார்க்கில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட த்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனியில் ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவிக்கு வேலை இரண்டாம் பகுதியில் மட்டுமே, அதுவும் சில ஸ்வரங்களே. அதே பகுதியின் தொடக்கத்தில்தான் இங்கிலீஷ் ஹார்ன் என்றும் சொல்லப்படும் கோர் ஆங்லே என்ற ஊதுகருவியின் புகழ்பெற்ற தனி வாசிப்பும் வருகிறது. கைத்தாளம் போன்ற சிம்பல் இறுதிப் பகுதியில் ஒரே ஒரு முறை, அதுவும் மெதுவாக ஒலிக்கும். அந்த ஒரு தட்டலுக்காக மாலை முழுவதும் காத்திருப்பவரைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம், ஆனால் அந்த நொடி எப்போது வரும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஹைடனின் நாற்பத்தைந்தாம் சிம்பொனி நிரலில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்: அதன் முடிவில் வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மேடையை விட்டு வெளியேறுவார்கள்.

எழுத்தும் படமும் ஒருவரே செய்ய வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயலாதீர்கள். கேமராவின் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் கண், காதில் விழுவதைக் குறித்துக்கொள்வதில்லை. எனக்கு இது பல முறை வாய்த்த அனுபவம். முதல் ஒத்திகைக்குக் கேமராவை எடுத்துச் செல்லாமல் குறிப்பேட்டோடு மட்டும் போகிறேன். இறுதி ஒத்திகை முழுவதையும் படத்துக்கு ஒதுக்குகிறேன். கச்சேரியின் முதல் பாதியில் படமெடுத்துவிட்டு, இடைவேளைக்குப் பின் கேமராவைப் பையில் வைத்துவிட்டு, பார்வையாளர்களுள் ஒருவராக உட்கார்ந்து கேட்கிறேன்.

முதல் ஒத்திகையில் பிரிவுகளுக்கு அருகில் உட்கார அனுமதி கேளுங்கள். இரண்டாம் வயலின் வரிசையின் பின்பக்கம் மிக நல்ல இடம். ஓபோ என்ற மர ஊதுகருவி ஓர் ‘ஏ’ ஸ்வரத்தை நீட்டி ஒலிக்க, மற்றவர்கள் அதனோடு சுருதி சேர்ப்பார்கள். அந்த ஸ்வரம் வழக்கமாக 440 ஹெர்ட்ஸ். பிறகு கவனிக்க வேண்டியவை சிறிய விஷயங்களே. ஒரே ஸ்டாண்டைப் பகிரும் இரு வயலின்காரர்களில் உள்பக்கம் இருப்பவர்தான் தாளைப் புரட்டுவார். ஒரு பிரிவில் எல்லா வில்களும் ஒரே திசையில் ஏறி இறங்குவது தற்செயல் அன்று, பிரிவுத் தலைவர் முடிவு செய்து ஒவ்வொரு தாளிலும் குறித்த ஒழுங்கு அது. டிம்பனி என்ற கிண்ண வடிவ முரசுகளை வாசிப்பவர் மற்றவர்கள் முழங்கிக்கொண்டிருக்கும்போதே தோலின் மேல் குனிந்து, காதை ஒட்டி வைத்து, அடுத்த சுருதியைச் சரிசெய்வார். தாள வாத்தியக்காரர் ஒருவர் எதுவும் செய்யாமல் இருப்பதுபோல் தெரிந்தால் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்; அவர் மனத்துக்குள் நூறு தாளக்கட்டு மௌனத்தை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

பேட்டிக்கு இடைவேளையும் ஒத்திகை முடிந்த பிறகான பத்து நிமிடமும் போதும். நடத்துநரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புவது சோம்பேறித்தனம். பல ஆண்டுகளாகப் பின்வரிசையில் இருப்பவர், இந்தப் பருவத்தில் புதிதாகச் சேர்ந்தவர், நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி வாத்தியத்தை எடுத்தவர் என மூவரையாவது தேடிப் பிடியுங்கள். ‘இசை உங்களுக்கு என்ன தருகிறது?’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். ‘உங்கள் தாளில் எந்த இடத்தில் பென்சில் கோடு அதிகம்? காட்டுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு பக்கத்தைத் திறப்பார். அங்கே நடத்துநரைப் பார் என்பதற்கு அடையாளமாக ஒரு மூக்குக்கண்ணாடி வரையப்பட்டிருக்கும், பக்கத்தில் யாரோ எப்போதோ எழுதிய எச்சரிக்கை இருக்கும், அதிலிருந்து பேச்சு தானாக வளரும். அந்தத் தாளையே படமெடுக்கலாம், ஆனால் உரிமை உள்ள புதிய படைப்பென்றால் முழுப் பக்கமும் படிக்கும்படி வெளியிடாதீர்கள்.

இனிப் படம். ஃப்ளாஷ் கூடவே கூடாது, ஒத்திகையிலும் கூடாது. கேமராவின் பீப் ஒலி, ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கு, எடுத்த படம் திரையில் தானாகத் தோன்றும் வசதி, மூன்றையும் வாசலிலேயே அணைத்துவிடுங்கள். எஃப் 2.8 திறப்புள்ள 70–200 மி.மீ. லென்ஸ் ஒன்றும் 24–70 மி.மீ. லென்ஸ் ஒன்றும் இருந்தால் போதும். ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் போகத் தயங்க வேண்டாம், சற்றுப் புள்ளி விழுந்த படத்தை மன்னிப்பார்கள், கலங்கிய முகத்தை மன்னிக்கமாட்டார்கள். வயலின் வில்லுக்கு 1/250 விநாடி, நடத்துநரின் கைகளுக்கு 1/400 அல்லது அதற்கும் வேகம், மௌனத்தில் காத்திருப்பவருக்கு 1/125 என்று தொடங்கலாம். வில்லின் ஓட்டத்தையே படமாக்க விரும்பினால் கேமராவை எதன் மீதாவது ஊன்றி 1/15 வரை இறங்கலாம். கறுப்பு உடைகளைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகமும் வெள்ளைத் தாளும் வெந்துபோகும். ஆகவே மேனுவலில் வைத்து, முகத்தை அளவுகோலாகக் கொண்டு அளந்து பூட்டிவிடுங்கள். ரா கோப்பாக எடுத்தால் மேடை விளக்கின் மஞ்சளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

சத்தமில்லாத மின்னணு ஷட்டர் இங்கே வரப்பிரசாதம்தான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களின் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால், எல்இடி விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடித்தால் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். இதை இறுதி ஒத்திகையிலேயே சோதித்துவிடுங்கள். ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு (60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள நாடுகளில் 1/120 அல்லது 1/60-க்கு) இறக்கினால் பல நேரம் பட்டை மறையும். மறையவில்லை என்றால் இயந்திர ஷட்டருக்கு மாறி, முழுக்குழுவும் உரக்க வாசிக்கும் இடங்களில் மட்டும் அழுத்துங்கள். நீங்கள் தயாரித்த நிமிடக் குறிப்பு அப்போது கைகொடுக்கும்.

எங்கே நிற்பது என்பது லென்ஸை விட முக்கியம். வழக்கமான அமர்வில் முதல் வயலின்கள் பார்வையாளருக்கு இடப்பக்கம் இருந்து உள்நோக்கிப் பார்ப்பதால், அவர்கள் முகம் அரங்கின் வலப்பக்கத்திலிருந்துதான் தெரியும். வலப்பக்கம் அமரும் செல்லோக்களுக்கு இதற்கு நேர்மாறு. காற்று வாத்தியக்காரர்களைச் சற்று உயரத்திலிருந்து எடுத்தால் ஸ்டாண்டு மறைக்காது. அவர்கள் கன்னம் உப்பி ஊதும் கணத்தை விட, ஊதுவதற்குச் சற்று முன் மூச்சை இழுக்கும் கணம் எப்போதும் அழகு. நடத்துநரின் முகம் வேண்டுமென்றால் ஒத்திகையின்போது குழுவின் பின்னால், டிம்பனிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நடத்துநரிடம் மட்டுமல்லாமல் அந்த டிம்பனிக்காரரிடமும் அனுமதி கேளுங்கள், ஏனென்றால் இடைஞ்சல் அவருக்குத்தான். அங்கே பித்தளை வாத்தியங்களின் முழக்கம் காதைப் பிளக்கும், காதடைப்பான் கொண்டுபோவது நல்லது.

கச்சேரி நாளில் கறுப்பு உடை, சத்தமில்லாத செருப்பு, முன்பே திறந்து வைத்த பை. பையில் ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) இருந்தால் அது மெதுவான பகுதியில்தான் கிழியும் ஒலி எழுப்பும், அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டல் இல்லை என்பதால் அங்கே எழுந்து நடக்காதீர்கள். சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி பேரிரைச்சலோடு முடிவதால் அரங்கமே ஏமாந்து கைதட்டுவது உண்டு. உண்மையான முடிவு அதற்குப் பிறகு, கேட்கவே முடியாத மென்மையில் கரைந்து வரும். நடத்துநரின் கை இறங்காதவரை அந்த மௌனமும் இசையின் பகுதியே. அப்போது ஷட்டரைத் தொடாதீர்கள். கை இறங்கிய பின் வரும் சில நொடிகளில், வாசித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது, அன்றைய மாலையின் சிறந்த படம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

எழுதும்போது இரண்டு பக்கமும் வழுக்கும். உலகப் புகழ்பெற்ற குழுவின் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுவதும் முறையல்ல, ‘தேவகானம் பொழிந்தனர்’ என்று வாரி வழங்குவதும் முறையல்ல. பிந்தையதை வாசித்தவர்களே நம்பமாட்டார்கள். பிழை கதையின் பகுதியாக இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். ஒத்திகையில் ஹார்ன் மூன்று முறை தவறியது என்று மட்டும் எழுதினால் அது புறம்பேசுதல். ஹார்னின் குழாயை நீட்டினால் ஏறத்தாழ மூன்றே முக்கால் மீட்டர் வரும், அதன் மேல்தளத்தில் ஸ்வரங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் உதட்டின் சிறு பிசகும் பக்கத்து ஸ்வரத்துக்கு இழுத்துவிடும் என்று சேர்த்து எழுதினால், நான்காவது முறை அது சரியாக விழுந்ததன் அருமை வாசகருக்குப் புரியும். சொற்களிலும் கவனம் தேவை. சிம்பொனி என்பது படைப்பின் பெயர், அதை வாசிப்பது சிம்பொனி இசைக்குழு. பாடகர் குழு சேரும் சில படைப்புகள் நீங்கலாக அதில் யாரும் ‘பாடுவதில்லை’. கோர் ஆங்லே ஹார்ன் அன்று, ஓபோவின் உறவு. வயலினை விடச் சற்றுப் பெரிய வியோலாவை வயலின் என்று எழுதிவிட்டால் அந்தப் பிரிவு உங்களை மறக்காது.

படவிளக்கங்களை அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாள் கறுப்பு உடையில் எல்லோரும் ஒரே மாதிரி தெரிவார்கள். பெயர்களை அச்சிட்ட நிரலை நம்பாமல், அவரவரிடமே எழுதி வாங்கியதைக் கொண்டு சரிபாருங்கள். சிறுவர்கள் இருந்தால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். ஒத்திகையில் எடுத்த படத்தை ஒத்திகை என்றே குறிப்பிடுங்கள், கச்சேரிப் படமாகக் காட்டாதீர்கள். ஆறு படங்களைத் தேர்ந்த பிறகு, எத்தனை பிரிவுகள் அவற்றில் இடம்பெற்றிருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நடத்துநர் மூன்று படங்களில் இருந்து, டபுள் பேஸ் ஒன்றிலும் இல்லை என்றால், நடத்துநர் படங்களில் ஒன்றை நீக்கிவிட்டு டபுள் பேஸ் படம் ஒன்றை வையுங்கள்.