கொய்யாக் கம்பின் வளைவை எடுத்த விதம்

அப்பாவுக்கு ஊன்றுகோல் செய்ய ஒரு கொய்யாக் கிளையை வெட்டி, முனைகள் வெடிக்காமலிருக்க மெழுகு தடவி, நிழலில் காயவிட்டேன். காய்ந்ததும் பார்த்தால் நடுவில் ஒரு வளைவு. செதுக்கி நேராக்கினால் அந்த இடம் மெலிந்து ஒடியும். அதனால் ஈரத்துணியைச் சுற்றி, தணலுக்கு மேலே திருப்பித் திருப்பிக் காட்டினேன். ஆவி நன்றாகக் கிளம்பியதும் வேப்பமரக் கவட்டையில் செருகி, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்து, ஆறும்வரை கயிற்றால் இழுத்துக் கட்டினேன். விட்டதும் சற்றுத் திரும்பி வரும், அதற்குத்தான் அந்த அதிகம்.

அப்புறம் பட்டையை உரித்து உப்புத்தாள் தேய்த்தேன். உயரம்: செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் அளவு. டைல்ஸில் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் புஷ் கட்டாயம். வார்னிஷ் எனக்குப் பிடிக்காது, வியர்த்த கையில் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் தடவினேன்.