கூட்டுக் கருத்தடை மாத்திரை: ஏழு நாள் இடைவெளி எட்டாகக் கூடாது

கூட்டுக் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரு ஹார்மோன்கள் சிறிய அளவில் உள்ளன. இவை நாள்தோறும் உடலில் சேர்ந்துகொண்டிருக்கும் வரை, கருமுட்டையை முதிரச் செய்து வெளியேற்றும் பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதல் அடங்கியிருப்பதால் முட்டை வெளிவருவதில்லை. கருப்பை வாயில் சுரக்கும் சளியும் கெட்டிப்பட்டு விந்தணுவை மறிக்கிறது.

மாத்திரையைத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்ப்பதும், இரத்த அழுத்தத்தை அளந்துகொள்வதும் அவசியம். 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்கள், கண்முன் ஒளிக்கீற்றுகள் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், இரத்த உறைவோ மார்பகப் புற்றுநோயோ கண்டவர்கள், அண்மையில் குழந்தை பெற்றவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதன்று.

மாதவிடாய் தொடங்கிய 5 நாட்களுக்குள் முதல் மாத்திரையை உட்கொண்டால் அன்றே பாதுகாப்பு கிடைக்கும். பிறகு தொடங்கினால், கர்ப்பமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, முதல் 7 நாட்களுக்கு ஆணுறையும் வேண்டும். பால்வினை நோய்களை மாத்திரை தடுக்காது; அதற்கு ஆணுறை வேண்டும்.

21 மாத்திரைகள் கொண்ட அட்டை முடிந்ததும் 7 நாட்கள் இடைவெளி விடுவது வழக்கம். அப்போது வரும் உதிரப்போக்கு ஹார்மோன் நின்றதால் வருவதேயன்றி இயல்பான மாதவிடாய் அன்று. அந்த நாட்களில் சினைப்பை மெல்ல விழித்துக்கொள்ளத் தொடங்குகிறது என்பதால், உதிரப்போக்கு நிற்கட்டும் என்று காத்திராமல், எட்டாம் நாள் புதிய அட்டையைக் கட்டாயம் தொடங்கிவிட வேண்டும். அட்டையின் நடுவில் ஒரு மாத்திரை தவறுவதைவிட, இந்த இடைவெளி நீண்டுபோவதையே நான் பெரிதும் அஞ்சுவேன்.

வியாழன் இரவு அட்டையை எடுக்கையில் புதன்கிழமைக் குழியில் மாத்திரை உடையாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே அதையும், அன்றைய மாத்திரையையும் சேர்த்து உட்கொண்டால் போதும். இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போயிருந்தால், கடைசியாகத் தவறியதை மட்டும் உட்கொண்டு, முந்தையவற்றை விலக்கி, மற்றவற்றை வழக்கம்போல் தொடர்ந்தபடி 7 நாட்கள் ஆணுறை பயன்படுத்த வேண்டும். இது அட்டையின் கடைசி வாரமானால், இடைவெளியே விடாமல் அடுத்த அட்டைக்குச் செல்ல வேண்டும். முதல் வாரமாக இருந்து, அண்மையில் உடலுறவும் நிகழ்ந்திருந்தால், அவசரக் கருத்தடை குறித்துத் தாமதமின்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன் ஆகியவை மாத்திரையின் ஆற்றலைக் குறைப்பவை. ஆகவே எந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றாலும் கருத்தடை மாத்திரை பற்றிச் சொல்லிவிடுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனக் கடும் தலைவலி, பார்வைக் குறைவு ஆகியவற்றில் எது தோன்றினாலும், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.